கொடைக்கானலில் குளிர் இருக்கா, தண்ணி இருக்கா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் வேன், கார் வாடகைக்கு ஏற்பாடு செய்து கொடுப்பது என் தொழில். மனைவிக்குப் பிறந்த வீடு கொடைக்கானல். அதனால் வண்டி கேட்டு வருகிறவர்கள் வாடகை பேசி முடித்த கையோடு மேலே நிலவரம் என்ன என்றும் என்னிடமே கேட்பார்கள். முன்பெல்லாம் "எந்த லாட்ஜ் நல்லாருக்கும்" என்பார்கள். இப்போது "லாட்ஜ்ல தண்ணி வருமா" என்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை அவரவர் கேட்ட வாக்கிலேயே எழுதிப் பதிலும் போட்டிருக்கிறேன். ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் சொல்லாமல் இருக்க எண் கொடுத்திருக்கிறேன்.

1. "மேல இப்ப குளிர் இருக்கா, இல்லையாண்ணே?"

இருக்கிறது. ஏரிப் பகுதி கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே. மதுரை நூறு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் 6 முதல் 7 டிகிரி வரை குறையும். இந்த உயரம் இருக்கிற வரைக்கும் குளிர் அடியோடு போய்விடாது. பழைய சராசரிப்படி ஜனவரியில் பகலில் 17 டிகிரியும் இரவில் 8 டிகிரியும் இருக்கும். மே மாதத்தில் பகல் 20ஐ ஒட்டியும் இரவு 12ஐ ஒட்டியும் இருக்கும்.

இப்போது ஏப்ரல், மே பகலில் அந்த 20ஐத் தாண்டிப் போகும் நாள்கள் சாதாரணமாகிவிட்டன. மேலே காற்று மெலிது, வெயில் சுள்ளென்று இறங்கும். நிழலில் நின்றால் இதமாக இருக்கும். ஏரிச் சாலையில் மதியம் சைக்கிள் ஓட்டினால் சட்டை நனைந்துவிடும். மதுரை வெயிலுக்குப் பயந்து போகிறவர்கள் அங்கே முகம் கறுத்துத் திரும்புவதை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறேன்.

2. "ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போகணுமா?"

எடுத்துப் போங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தேவைப்படும். கைக்குழந்தை இருந்தால் மே மாதத்தில்கூடக் குல்லா வேண்டும். கூடவே ஒரு தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள், பகலுக்கு.

3. "எங்கப்பா காலத்துல ஃபேனே கெடையாதுங்கிறார். நெசமாவே சூடாயிருச்சா, இல்ல வயசானவங்க கூட்டிச் சொல்றாங்களா?"

கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், ஆனால் அடிப்படை உண்மை. பழைய லாட்ஜ் அறைகளில் அண்ணாந்து பாருங்கள். கூரையில் ஃபேன் மாட்டக் கொக்கியே இருக்காது. கட்டியவர்களுக்கு அப்படி ஒரு தேவை வரும் என்றே தோன்றவில்லை. இன்று அதே அறைகளில் மேசை ஃபேன் வைத்திருக்கிறார்கள்.

1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் ஏறக்குறைய 0.7 டிகிரி ஏறியிருக்கிறது. 1901இலிருந்து எடுத்த கணக்கில் நாடு முழுவதற்கும் மிகச் சூடான ஆண்டு 2024. அந்த ஏப்ரல் கடைசியில் ஊட்டியிலேயே 29 டிகிரி தொட்டது. 0.7 என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். சராசரி அவ்வளவு ஏறினால், முன்பு அபூர்வமாக வந்த சூடான நாள் அடிக்கடி வர ஆரம்பிக்கும். நாம் உணர்வது அந்த நாள்களைத்தான்.

எல்லாவற்றையும் உலக வெப்பத்தின் தலையில் போடவும் முடியாது. ஓட்டு வீடுகளும் மரங்களும் இருந்த சரிவுகளில் இன்று நாலு மாடி கான்கிரீட் நிற்கிறது. பஸ் ஸ்டாண்டைச் சுற்றி உணரும் சூட்டில் அதற்கும் பங்கு உண்டு. இரண்டு கிலோமீட்டர் தள்ளிச் சோலைக்காட்டு ஓரம் போனால் வித்தியாசம் தெரியும்.

4. "உறைபனி பார்க்கணும். எந்த மாசம் போகலாம்?"

ஜனவரி. அதிலும் பொங்கலுக்கு அப்புறம். டிசம்பர் தொடக்கத்திலேயே உறைபனி விழுந்த வருடங்கள் உண்டு. இப்போது அந்த நம்பிக்கையில் டிக்கெட் போட வேண்டாம். ஏரியை ஒட்டிய பள்ளம், ஜிம்கானா பகுதி, பாம்பார்புரம், மேல்மலையில் மன்னவனூர், இவைதான் இடங்கள். விடியுமுன் போய் நிற்க வேண்டும். வெளியே நிறுத்திய பைக் சீட்டில் வெள்ளையாகப் படிந்திருக்கும். நகத்தால் சுரண்டினால் பொடியாக வரும். வெயில் பட்ட அரைமணி நேரத்தில் வெறும் ஈரம்தான் மிஞ்சும். எட்டு மணிக்கு டிபன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் எதையும் பார்க்கப் போவதில்லை.

மேடான இடத்தைவிடப் பள்ளத்தில் ஏன் அதிகம் என்றும் கேட்பார்கள். குளிர்ந்த காற்றுக்குக் கனம் அதிகம். ராத்திரி முழுக்கத் தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். வானிலைக் கருவிகள் இருப்பது மேட்டில், சூரிய ஆய்வகப் பக்கம். அங்கே 5 டிகிரி என்று பதிவாகும் விடியற்காலையில், ஏரியோரப் புல்லின் நுனி சைபருக்குக் கீழே போயிருக்கும். டிவியில் சொன்ன எண்ணையும் நேரில் பார்த்த பனியையும் வைத்துச் சண்டை போட வேண்டியதில்லை, இரண்டும் சரிதான்.

5. "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்னு சொல்வாங்க. இப்ப தை மாசத்துல போர்வையே தேவைப்படலையே, ஏன்?"

பகலில் சூடான தரை, ராத்திரி அந்தச் சூட்டை வானத்தைப் பார்த்து விடும். வானம் வெறிச்சென்று இருந்தால் சூடு போய்விடும், தரை சில்லிடும். மேகமோ காற்றில் ஈரமோ இருந்தால் பாதிச் சூடு கீழேயே திரும்பி வரும். கரியமில வாயுவும் இதே வேலையைச் செய்கிறது, மேகமில்லாத ராத்திரியிலும்கூட. குளிர்காலம் சூடாகிறது என்றால் முதலில் தெரிவது ராத்திரியில்தான் என்பதற்குக் காரணம் இது.

இன்னொன்று மழை தள்ளிப் போவது. வடகிழக்குப் பருவமழை கார்த்திகையோடு ஓய்ந்து, மார்கழியில் வானம் தெளிவதுதான் பழைய வழக்கம். சில வருடங்களாக மேகம் பொங்கல் வரை நிற்கிறது. 2021 பொங்கலுக்குத் தென் மாவட்டங்களில் மழை கொட்டி, அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட வருடத்தில் மலையில் பகல் நடுக்கும், ராத்திரி பெரிதாகக் குளிராது. உறைபனியும் தள்ளிப்போகும்.

6. "அப்ப மழை இல்லாத வருஷம்தான பனி ஜாஸ்தி விழணும்? வறட்சிக்கும் குளிருக்கும் என்ன சம்பந்தம்?"

சரியாகப் பிடித்தீர்கள். மழை பொய்த்த வருடத்தில் காற்றில் ஈரம் இல்லை, வானம் தெளிவு. அதனால் ராத்திரி கடுமையாகக் குளிரும், பகலில் வெயில் காயும். ஒரே நாளில் இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் வரும். ஜனவரியில் வெள்ளையாக உறைந்த புல்லைப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் "கொடைக்கானல் பழையபடி ஆயிருச்சு" என்று எழுதுவார்கள். எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் ஏப்ரல் தண்ணீர் நினைவுதான் வரும்.

ஆக மழை வருடத்தில் ராத்திரிக் குளிர் குறைகிறது, வறண்ட வருடத்தில் குளிர் இருந்தும் தண்ணீர் இல்லாமல் போகிறது. விவசாயிக்கு இரண்டாவதுதான் பெரிய அடி. காய்ந்த மண்ணில் உறைபனி விழுந்தால் உருளைக்கிழங்கு, பீன்ஸ் இலைகள் கருகிவிடும். விடியுமுன் ஸ்பிரிங்ளர் போட்டுக் காப்பாற்றலாம், ஆனால் அதற்கும் தண்ணீர் வேண்டுமே.

7. "ஏரில தண்ணி இருக்கா? போட் ஓடுதா?"

ஓடும். ஏரி முழுக்க வற்றிப் போட் நின்றுவிடும் என்று பயப்பட வேண்டாம். அது தானாக உண்டான ஏரி இல்லை. 1863இல் மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் ஓடைகளை மறித்துக் கரை கட்டி உண்டாக்கியது. சுமார் 60 ஏக்கர் பரப்பு, சுற்றிவர 5 கிலோமீட்டர் சாலை. முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது என்பார்கள். கொடைக்கானல் 1985 வரை மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது, அந்த உரிமையில்தான் இவ்வளவு பேசுகிறேன்.

வறண்ட வருடத்தில் தெரியும் மாற்றம் வேறு மாதிரி. கரைக் கற்களில் பழைய நீர்மட்டம் கோடாகத் தெரியும். அதற்குக் கீழே சேறு. ஓரங்களில் நீர்க்களை மண்டி மிதி படகின் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். படகுக்காரர் கம்பை விட்டுக் களையை எடுத்துவிட்டு நடுவில் ஓட்டச் சொல்வார். மட்டம் குறைந்து, தண்ணீர் சூடாகி, ஊர்ச் சாக்கடையும் கலந்தால் களைக்குக் கொண்டாட்டம். வாடை வருகிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் மே மாதத்தில் போனவர்கள்.

8. "சில்வர் கேஸ்கேட்ல போன தடவை சொட்டுச் சொட்டா வந்துச்சு. திருப்பி விட்டுட்டாங்களா?"

யாரும் திருப்பவில்லை. ஊருக்கு 8 கிலோமீட்டர் முன்னால் காட் ரோட்டில் 180 அடி உயரத்திலிருந்து விழும் அந்தத் தண்ணீர் ஏரியிலிருந்து வழிந்து வருவது. ஏரி வழியாவிட்டால் அருவி இல்லை. மேலே போகுமுன் ஏரி நிலவரம் தெரிய வேண்டும் என்றால் அங்கே வண்டியை நிறுத்திப் பாருங்கள், போதும்.

9. "ஏரி நெறைய தண்ணி கெடக்கு. லாட்ஜ்காரர் ரெண்டு பக்கெட்டுக்கு மேல தரமாட்டேங்கிறார். ஏமாத்துறாரா?"

அதிகம் வரும் கேள்வி இதுதான், கோபமாகவும் வரும். ஏரித் தண்ணீர் குழாய்க்கு வருவதில்லை. ஊருக்கு முக்கியமாகக் குடிநீர் தருவது ஆய்வகப் பக்கம் மேலே உள்ள நீர்த்தேக்கமும் மனோரஞ்சிதம் அணையும். இரண்டும் மலைச்சரிவில் உள்ள சிறிய தேக்கங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பி, அடுத்த மழை வரை தாக்குப்பிடிக்க வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே மழை மிகக் குறைவு. ஆக, தேக்கம் அடிமட்டத்துக்கு வரும் நேரமும் சீசன் கூட்டம் ஏறும் நேரமும் ஒன்றாகி விடுகிறது.

கணக்கைப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கொடைக்கானல் நகரத்தில் இருந்தவர்கள் 36,501 பேர். 2025 சீசனில் உயர் நீதிமன்றம் வைத்த வரம்பு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி. வண்டிக்கு நாலு பேர் என்று வைத்தாலும் ஒரு சனிக்கிழமையில் 24,000 பேர் ஏறுகிறார்கள். குறைத்த பிறகு உள்ள எண் இது! மழை நன்றாகப் பெய்த வருடத்தில் ஊர் இதைச் சமாளித்துவிடும். பொய்த்த வருடத்தில் நகராட்சித் தண்ணீர் பல நாளுக்கு ஒரு முறைதான் திறக்கும்.

அப்போது லாட்ஜ்காரர்கள் லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள். லாரி டிராஃபிக்கில் மாட்டினால் மாலைக் குளியல் போச்சு. பக்கெட் கணக்குப் பேசுகிற ஆள் பெரும்பாலும் உண்மையைத்தான் பேசுகிறார். முன்பதிவு செய்யும்போதே வாய்விட்டுக் கேளுங்கள்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வெந்நீர் எத்தனை மணி வரைக்கும். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். முழு வாடகையை வாங்கிக்கொண்டு, சாவி கொடுத்த பிறகு தண்ணீர் கட்டுப்பாட்டைச் சொன்ன ஒரு விடுதியோடு நானே சண்டை போட்டிருக்கிறேன்.

10. "கேரளாவுல வெள்ளமே வருது. பக்கத்து மலைக்கு மழை இல்லேன்னா நம்புற மாதிரியா இருக்கு?"

பழனி மலை மேற்குத் தொடர்ச்சியிலிருந்து கிழக்கே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கிளை. ஆனி, ஆடியில் வரும் தென்மேற்குக் காற்று ஆனைமலையிலேயே தன் சரக்கை இறக்கிவிடும். மிச்சம் மன்னவனூர், கவுஞ்சி பக்கம் மேல்மலையில் சாரலாக விழும். கொடைக்கானல் ஊருக்கு அதிகம் பெய்வது அக்டோபரும் நவம்பரும். வருடத்தில் ஏறத்தாழ 1,650 மில்லிமீட்டர் பெய்யும் ஊர்தான், ஆனால் தேக்கம் நிரம்பிக் கோடை வரை கையிருப்பாக நிற்பது கடைசியில் பெய்யும் ஐப்பசி மழைதான். அதனால்தான் மே மாதத்துக்கு முன்பதிவு செய்ய வருகிறவர்களிடம் "ஐப்பசி எப்படிப் பெஞ்சதுன்னு பாத்தீங்களா" என்று கேட்பேன். சிரிப்பார்கள். ஆனால் கொடைக்கானல் கோடைக்கு அதைவிட நல்ல ஜோசியம் கிடையாது.

2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அரசு அறிவித்தது. அந்தக் கோடையில் மலையும் தப்பவில்லை.

வறட்சிக்கும் கொடைக்கானலுக்கும் இன்னொரு பழைய தொடர்பு உண்டு. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் இந்தப் பக்கமெல்லாம் மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அதற்குப் பிறகு, சூரியனில் நடக்கும் மாற்றங்களுக்கும் பருவமழை பொய்ப்பதற்கும் தொடர்பு உண்டா என்று ஒழுங்காகக் கவனிக்க வேண்டும் என்ற பரிந்துரை எழுந்தது. அப்படிப் பிறந்ததுதான் கொடைக்கானல் சூரிய ஆய்வகம். 1899இல் அங்கே நிறுவப்பட்டு, 1901 முதல் சூரியனைக் கவனித்து வருகிறது. மழையை முன்கூட்டிச் சொல்லும் சாவி அங்கே கிடைக்கவில்லை, சூரியனைப் பற்றி நிறையக் கிடைத்தது. பிள்ளைகளைத் தூண் பாறைக்கு மட்டும் கூட்டிப் போகாமல் இதையும் காட்டுங்கள்.

11. "இ-பாஸ் வேணுமா? தண்ணி பாட்டில் கொண்டு போகலாமா?"

சொந்த வண்டி, வாடகை வண்டி இரண்டுக்கும் இ-பாஸ் வேண்டும். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நடக்கிறது. அரசுப் பேருந்தில் போனால் தேவையில்லை. எண்ணிக்கை வரம்பை 9ஆம் பதிலில் சொன்னேன். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் வாரத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

5 லிட்டரும் அதற்குக் குறைவுமான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது, பிடித்தால் பாட்டிலுக்குக் காசு வாங்குவார்கள். வீட்டிலிருந்து சில்வர் பாட்டில், இல்லாவிட்டால் பெரிய கேன் கொண்டு போங்கள். வேனில் போகிறவர்களுக்கு 20 லிட்டர் கேன் ஏற்றித்தான் அனுப்புகிறேன்.

12. "நாம போயித்தான தண்ணி தீருது? பேசாம போகாமலே இருந்துட்டா என்ன?"

வண்டி விடுகிறவனிடம் இதைக் கேட்கிறீர்கள் என்பதை முதலில் மனதில் வையுங்கள். போகாவிட்டால் குதிரைக்காரரும் சோளக்கதிர் விற்கிற அக்காவும் எதைத் தின்பார்கள்? அந்த ஊரில் சீசனை நம்பாத குடும்பம் குறைவு. வரம்பு வைத்தபோது கடை அடைத்து எதிர்ப்புக் காட்டியவர்களும் அவர்கள்தான், அதே வாரம் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்களும் அவர்கள்தான்.

என் அபிப்பிராயம்: எல்லோரும் மே மாதத்தில் அடித்துக்கொண்டு ஏறுவதுதான் கோளாறு. பள்ளிப் பிள்ளைகள் இல்லாத வீட்டுக்காரர்கள், ஓய்வு பெற்றவர்கள், புதுசாகக் கல்யாணமானவர்கள் ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை போகலாம். நவம்பரில் மட்டும் மண் சரிவுச் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அருவியில் தண்ணீர் இருக்கும், அறை வாடகையும் பாதியாக இருக்கும். எனக்கும் வண்டி சும்மா நிற்காது.

13. "மலைல போயி தீ எப்படிப் புடிக்குது? யாராவது வைக்கிறாங்களா?"

பெரும்பாலும் ஆள்தான் காரணம். அணைக்காத பீடி, சமைத்துவிட்டு விட்டுப்போன அடுப்பு, எல்லையில் குப்பை எரிப்பது. ஆனால் பொறி விழுந்தால் பற்றுவதற்குக் காய்ந்த சருகு வேண்டும். 6ஆம் பதிலில் சொன்ன மாதிரி, வறண்ட குளிர்காலத்தில் புல் உறைபனியில் கருகி, பகல் வெயிலில் காய்ந்து, மாசி பங்குனியில் தயாராக நிற்கும். 2024 ஏப்ரல் கடைசியில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் மேல்மலையில் நாள்கணக்கில் எரிந்தது. மே மாதம் கோடை மழை வந்த பிறகுதான் நிம்மதி.

பைன் காட்டில் படம் எடுக்க எல்லோருக்கும் ஆசை. அங்கே காலுக்கடியில் மெத்தென்று இருப்பது பைன் ஊசிகள், எண்ணெய்ப் பசை உள்ளவை. சிகரெட் பிடிக்கிற அண்ணன்மார்கள் தயவு பண்ணி அங்கே மட்டும் வேண்டாம்.

14. "மரம் இருந்தாத்தான் மழை வரும்னு படிச்சோம். வனத்துறையே ஏன் மரத்தை வெட்டுது?"

வெட்டுவது வாட்டில், தைல மரம், பைன் போன்ற அந்நிய மரங்களை. இந்த மலையின் உச்சிப் பகுதிகள் முன்பு காடாக இல்லை, பெரும்பாலும் புல்வெளி. ஓடைப் பள்ளங்களில் மட்டும் சோலைக்காடு. மழைநீரைப் புல்லும் அதன் அடிமண்ணும் உள்ளே வாங்கி, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடும். கோடையிலும் ஓடை ஓடியதன் ரகசியம் அதுதான். விறகுக்கும் தோல் பதனிடுவதற்கும் காகிதக்கூழுக்கும் என்று அந்நிய மரங்களை நட்டார்கள். வாட்டில் நட்ட இடத்தோடு நிற்கவில்லை, தானே விதை போட்டுப் பரவிக்கொண்டே போகிறது. செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வின்படி, 1973க்கும் 2014க்கும் இடையில் பழனி மலையின் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது.

இந்த மரங்கள் வருடம் முழுக்க உறிஞ்சும். நீலகிரியில் கிளென்மார்கன் என்ற இடத்தில் புல்வெளி ஓடை ஒன்றின் நீர்ப்பிடிப்பில் தைல மரம் வைத்துப் பார்த்தார்கள். முதல் பத்து வருடத்தில் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. அதற்காக எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டிச் சாய்த்தால் மண் அரித்துக்கொண்டு போகும், வெட்டிய இடத்தில் வாட்டில் விதை இரண்டு மடங்காக முளைக்கும். சில இடங்களில் அந்த மரங்களின் நிழலில் சோலைக் கன்றுகள் வளர ஆரம்பித்திருப்பதால், விட்டுவிடலாம் என்பவர்களும் உண்டு. புல்வெளி மிஞ்சியிருக்கும் இடங்களில் பரவவிடாமல் பிடுங்குவதுதான் முதல் வேலை என்று எனக்குப் படுகிறது. பள்ளியில் படித்ததும் தப்பில்லை, அது வேறு காட்டுக்கு.

15. "காட்டுமாடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வருதே, தண்ணிக்காகவா?"

தண்ணீருக்கும், புல்லுக்கும். புல்வெளி போன கதையை மேலே சொன்னேன். ஊருக்குள் கோல்ஃப் மைதானம், பங்களாத் தோட்டம், ஏரிக்கரை என்று பச்சையாக மிச்சம் இருப்பது அங்கேதான். சாதுவாகத் தெரியும். ஆனால் ஆயிரம் கிலோ வரை எடை வரும். செல்ஃபிக்குப் பக்கத்தில் போகாதீர்கள், ஹார்ன் அடிக்காதீர்கள். வண்டியை நிறுத்தி விளக்கைத் தணித்தால் அதுவாகப் போய்விடும்.

16. "மலைப்பூண்டு, பிளம்ஸ் எல்லாம் ஏன் இந்த வெலை விக்குது?"

பிளம்ஸ், பேரிக்காய் போன்ற மரங்களுக்குக் குளிர்காலத்தில் போதுமான நேரம் 7 டிகிரிக்குக் கீழே குளிர் வேண்டும். அது கிடைத்தால்தான் மொட்டுகள் ஒன்றாக விழித்துப் பூக்கும். ராத்திரி சூடாகிப் போனால் ஒரு கிளை பூத்திருக்கும், ஒரு கிளை தூங்கும். காய்ப்பு சிதறும். பழமரத்தை வெட்டிவிட்டு, அவ்வளவு குளிர் கேட்காத பட்டர் ஃபுரூட் வைக்கும் தோட்டங்களைப் பார்க்கலாம்.

பூண்டுக்கும் குளிர் வேண்டும், ஆனால் இப்போதைய தொல்லை தண்ணீர்தான். பூம்பாறைப் படிவயல்களில் ஓடைத் தண்ணீரைக் குழாய் போட்டு இறக்குகிறார்கள். ஓடை வற்றினால் பூண்டு சிறுத்துவிடும். புவிசார் குறியீடு வாங்கிய பிறகு பெயர் ஏறியது, விலை ஏறியது, கூடவே போலியும் வந்துவிட்டது. ரோட்டோரம் 'மலைப்பூண்டு' என்று விற்பதெல்லாம் மலையில் விளைந்ததில்லை.

17. "மலைல வறண்டா அவங்க பாடு. மதுரைக்கு என்ன வந்துச்சு?"

மதுரைக் குழாயில் வருவது பெரும்பாலும் முல்லைப் பெரியாறு, வருசநாட்டுப் பக்கத்து வைகைத் தண்ணீர்தான், சரி. ஆனால் கொடைக்கானல் மலையின் தெற்குச் சரிவில் இறங்கும் வராக நதி, மஞ்சளாறு, மருதாநதி எல்லாம் வைகையோடு சேருகிறவை. வத்தலக்குண்டு, பெரியகுளம் பக்கத்து நெல்லும் தென்னையும் அதை நம்பித்தான் இருக்கின்றன. பெரியகுளத்துக்கு பேரிஜம் ஏரியிலிருந்தே குடிநீர் இறங்குகிறது. கும்பக்கரை அருவியில் குளிக்கப் போய் வெறும் பாறையைப் பார்த்துத் திரும்பியவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள்.

18. "ஏரியத் தூர்வாரி ஆழமாக்கிட்டா எல்லாம் சரியாயிரும்ல? இல்ல ஆவியாகாம மூடி வச்சா?"

தூர்வாரினால் கொள்ளளவு கூடும், களை குறையும், செய்ய வேண்டியதுதான். ஆனால் 9ஆம் பதிலில் சொன்னபடி ஏரி குடிநீர் தருவதில்லை. குடிநீர்த் தேக்கங்களைத் தூர்வாரினால் பலன் நேரடியாகக் கிடைக்கும், படகு விடாத இடம் என்பதால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆழமாக்கிய பிறகும் ஓடையில் வந்தால்தானே நிரம்பும்? ஓடைக்கு மேலே இருக்கும் புல்வெளியையும் சதுப்பையும் விட்டுவிட்டு ஏரியை மட்டும் தோண்டுவது அரை வேலை.

மூடி வைப்பதா? 2017 ஏப்ரலில் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் அட்டைகளை ஒட்டி மிதக்கவிட்டார்கள். காற்றடித்துக் கரைக்கு ஒதுங்கிவிட்டது. அதற்கு மேல் மதுரைக்காரன் வாயால் என்ன சொல்ல?

19. "குறிஞ்சி 2030ல பூக்குமா? இப்பவே ரூம் போடலாமா?"

பன்னிரண்டு வருடக் கணக்கில் 2006, 2018, அடுத்து 2030. அந்தக் கடிகாரம் இதுவரை பெரிதாகத் தவறவில்லை. பூக்கும் இடம்தான் குறைகிறது, 14ஆம் பதிலைப் பாருங்கள். ஜூலை முதல் அக்டோபர் வரை என்பதால் மழையும் கூடவே வரும். இப்போதே ரூம் போட வேண்டாம்.

20. "அங்க ஒரு அஞ்சு சென்ட் வாங்கி காட்டேஜ் கட்டலாம்னு இருக்கோம். தண்ணிக்கு போர் போட்டுக்கலாம்னு புரோக்கர் சொல்றார். நம்பலாமா?"

மலைப்பகுதியில் கட்டுவதற்கும் தோண்டுவதற்கும் தனி விதிகள் உண்டு. அனுமதி இல்லாமல் போர்வெல் இயந்திரம் மேலே ஏற்ற முடியாது, மாட்டினால் பறிமுதல். முழுத் திட்ட அனுமதி இல்லாமல் கட்டிய விடுதிகளுக்கு நீதிமன்ற உத்தரவுப்படி சீல் வைத்ததையும் ஊர் பார்த்திருக்கிறது. அனுமதியே கிடைத்தாலும் அடியில் இருப்பது கெட்டிப் பாறை. வெடிப்பில் தண்ணீர் மாட்டினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பக்கத்து மனையில் இருநூறு அடியில் வந்தது என்பதற்காக உங்கள் மனையில் வர வேண்டும் என்று கட்டாயமில்லை. நீங்கள் போட்ட போரால் கீழே இருக்கிறவர் ஊற்று நின்று, அவர் உங்கள் வாசலில் வந்து நிற்கவும் கூடும்.

வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால், புரோக்கர் கூப்பிடும் அக்டோபரில் போய்ப் பார்க்காதீர்கள். அப்போது எல்லா மனையிலும் ஓடை ஓடும். ஏப்ரல் கடைசி வாரம் போங்கள். புரோக்கரை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் குழாய் கடைசியாக என்றைக்கு வந்தது, ஒரு லோடு லாரித் தண்ணீர் இப்போது என்ன விலை, சொன்னால் எத்தனை நாளில் வருகிறது என்று கேளுங்கள். கூரைத் தண்ணீரைப் பிடிக்கத் தொட்டி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். வைத்திருந்தால், எத்தனை லிட்டர் தொட்டி, எந்த மாதத்தில் காலியாகிறது என்பதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்து அப்புறம் அட்வான்ஸ் பற்றிப் பேசுங்கள்.